தேயிலை ரோலருக்கு ஒரு கிராங்க்: நீங்கள் என்றால் எந்தத் துண்டைக் கேட்பீர்கள்?

ரோதைமகள், தலவாக்கலை

இரண்டு வருடமாக இந்த இணைய மன்றத்துக்கு வந்து வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். இன்று ஒரு 4 மில்லிமீட்டர் என்னை எழுத வைத்துவிட்டது.

கணிதம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் பழைய விஞ்ஞான அறையில் பதினொரு பிள்ளைகளோடு லெகோ டெக்னிக் துண்டுகளைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்காருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் என் சித்தி மகன், தன் பிள்ளைகள் வளர்ந்த பிறகு இரண்டு அட்டைப் பெட்டியில் அள்ளிப் போட்டு அனுப்பியவை. பவர் ஃபங்ஷன்ஸ் என்ற பழைய லெகோ மோட்டார் வரிசையின் காலத்துச் சாமான்: எக்ஸ்எல் மோட்டார் ஒன்று, எம் மோட்டார் இரண்டு, ஆறு டபுள் ஏ பேட்டரி போடும் பெட்டி இரண்டு. இடையில் எந்த நிறுவனத்ததோ தெரியாத துண்டுகளும் கலந்து கிடக்கின்றன. வழிகாட்டிப் புத்தகம் ஒன்றுகூட வரவில்லை. நல்லதாகப் போயிற்று, புத்தகம் இருந்திருந்தால் பிள்ளைகள் புத்தகத்தைத்தான் கட்டியிருப்பார்கள்.

அவர்கள் கேட்டது பந்தயக் கார். நான் கேட்டது ஸ்டோரில் இருக்கிற ரோலர். டீச்சர் என்பதால் நான் வென்றேன்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. ரோலர் என்றதும் வீதி போடும் உருளையை நினைக்க வேண்டாம். கீழே ஒரு வட்ட மேசை. அதன்மேல் பிறை பிறையாகப் பித்தளைக் கட்டைகள். மேசைக்கு மேலே அடியில்லாத பெரிய அண்டா போன்ற உருளை. அதற்குள் வாடிய கொழுந்து. உருளையை மூன்று பக்கமும் மூன்று கிராங்குகள், அதாவது அச்சில் சுழலும் கைகள், பிடித்திருக்கும். ஓட்டினால் உருளை மேசைமேல் வட்டமடிக்கும், ஆனால் தான் சுழலாது. முகம் எப்போதும் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் கொழுந்தை வைத்துத் தேய்ப்பதை இரும்பில் செய்ததுதான் அந்த மெஷின். என் அப்பா அதன் அருகில் 31 வருடம் நின்றவர். ஸ்டோர் மெஷின்களைக் காக்கும் சாமியான ரோதமுனியைக் கும்பிடாமல் சுவிட்சில் கை வைத்ததில்லை. ரோதை என்றால் சக்கரம். இங்கே என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

வேகம் மட்டும் வரம் கிடைத்தது போல அமைந்துவிட்டது. எக்ஸ்எல் மோட்டார் 9 வோல்ட்டில், பாரமில்லாமல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 220 சுற்று. மோட்டாரில் 8 பல் சக்கரம், கிராங்க் அச்சில் 40 பல் சக்கரம் வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு, 44. அப்பாவிடம் ரோலர் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று கேட்டேன். எண் எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கதிரைக் கையில் விரலால் தட்ட ஆரம்பித்தார். கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினேன்: 43. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது.

அந்த இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் எத்தனை துளை விட வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பல் எண்ணிக்கை இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் தூரம் மில்லிமீட்டரில் வந்து விழும். 8உம் 40உம் 48, பாதி 24, மூன்று துளை. 24 பல்லோடு 40 பல்லா? 32, நான்கு துளை. அன்று நான் வேறு எதுவும் படிப்பிக்கவில்லை.

இனிச் சிக்கல். துளைக்குத் துளை 8 மி.மீ. கிராங்க் செய்ய ஒரு துளையில் அச்சையும் பக்கத்துத் துளையில் பின் என்கிற சின்ன முளையையும் செருகினால் வீச்சு, அதாவது இரண்டுக்கும் இடையிலான தூரம், 8. ஒரு துளை தள்ளினால் 16. எங்கள் உருளை 2 அங்குலப் பிவிசி குழாயில் அறுத்தது. மேசை ஓர் அலுமினியச் சட்டியின் மூடி. 8 வைத்தால் கொழுந்து உள்ளே குலுங்குகிறதே தவிர முறுகவில்லை. 16 வைத்தால் குழாயின் விளிம்பு மூடியைத் தாண்டிப் போய்க் கொழுந்தைத் தரையில் கொட்டுகிறது. பெரிய மூடி வைத்தால் கிராங்குக் கால்களில் இடிக்கிறது. 12 என்றால் எல்லாம் பொருந்தும் என்று தாளில் வட்டம் போட்டுப் பார்த்துவிட்டோம். எல் வடிவத் துண்டில் மூலைவிட்டமாக எடுத்தால் எட்டு பெருக்கல் ரூட் இரண்டு, அதாவது 11.3 வரும் என்று சொல்ல வருகிறவர்களே, பொறுங்கள், நான் கணித ஆசிரியை. என்னிடம் இருக்கிற எல் துண்டுகளில் எல்லாம் வட்டத் துளை. அச்சு அதில் சும்மா சுற்றும்.

ஆகவே எனக்கு ஒரு புதிய துண்டு கேட்கும் உரிமை கிடைத்தால், நீள்துளை போட்ட கிராங்க் ஒன்று கேட்பேன். ஒரு முனையில் அச்சுக்குக் கூட்டல்குறித் துளை. மறுபக்கம் நீள வெட்டு, அதில் பின் நகரும், வேண்டிய இடத்தில் இறுக்கலாம். அவ்வளவுதான். மோட்டார் வேண்டாம், உணரி வேண்டாம், விளக்கு வேண்டாம்.

இரண்டாவதாக ஒன்று கேட்கலாம் என்றால் முறுகாத நீள அச்சு. பழைய ஸ்டோர்களில் கூரைக்குக் கீழே நீளமாக ஒரே இரும்புத் தண்டு ஓடும். அதிலிருந்து பட்டிகள் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் ஓட்டும். அதையும் கட்டிப் பார்த்தோம். 32 குமிழ் நீளமான அச்சு, குமிழுக்கு 8 மி.மீ., கால் மீட்டர் வரும். ஒரு முனையில் மோட்டார், மறுமுனையில் பாரம். மோட்டார் புறப்பட்ட பிறகும் மறுமுனை யோசித்துக்கொண்டே இருக்கிறது. குனிந்து பார்த்தால், அச்சின் நான்கு விளிம்புகளும் கயிற்றுப் புரி போலத் திரிந்திருக்கின்றன. பிறகு ஒரே துள்ளல், குழாயும் கொழுந்தும் மேசைக்குக் கீழே. அந்த அச்சு யார் செய்ததோ, கலந்து வந்த துண்டுகளில் ஒன்று. ஆனால் கால் மீட்டர் பிளாஸ்டிக் யார் செய்தாலும் கொஞ்சம் முறுகத்தானே செய்யும்?

நீங்கள் என்ன கேட்பீர்கள்? பெரிய ஆசை வேண்டாம். கட்டிக்கொண்டிருக்கும்போது கை நீட்டித் தேடி, இல்லையே என்று நினைத்த துண்டைச் சொல்லுங்கள்.


மூன்றாம் வருடம், பேராதனை

டீச்சர், நீள்துளைக் கிராங்க் வரும்போது வரட்டும், 12 உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

மேலே குமிழ் உள்ள பழைய டெக்னிக் செங்கற்களைத் தேடுங்கள். 1×2 செங்கலில் ஒரே துளை இருந்தால் அது இரண்டு குமிழ்களுக்கும் நடுவில் விழும். ஓரத்திலிருந்து 8 மி.மீ. அதில் கூட்டல்குறித் துளை உள்ள வகையும் உண்டு, அதை எடுங்கள். 1×1 செங்கலில் துளை குமிழுக்கு நேர் கீழே இருக்கும். இரண்டையும் ஒட்டி வைத்தால் அந்த இரண்டாவது துளை அதே ஓரத்திலிருந்து 20. இருபதில் எட்டுப் போனால் நீங்கள் கேட்ட எண். மேலே ஒரு 1×3 தகடு, கீழே ஒரு 1×3 தகடு போட்டுப் பிடித்துவிடுங்கள்.

ஒரு பயம் மட்டும் சொல்கிறேன். உங்கள் அச்சு நிமிர்ந்து நிற்கிறது, கிராங்க் படுத்திருக்கிறது. அப்படியென்றால் தகடுகள் இரண்டும் கிராங்கின் பக்கவாட்டில் வரும். பின் மேல் விழும் விசையும் அதே பக்கவாட்டில்தான். தகட்டைக் கழற்ற நாம் நகத்தால் நெம்புகிற திசை அது. பாரம் ஏறினால் கழன்றுவிடும்.

கழன்றால் சொல்லுங்கள், என்னிடம் முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கிறது. பின் துளையின் விட்டம் 4.8, நான் 4.9 என்று வரைகிறேன், உருகி இறுகும்போது கொஞ்சம் உள்ளே சுருங்கும். அச்சு செருகும் கூட்டல்குறித் துளைதான் தலைவலி. முதல் நான்கைந்து குப்பைக்குப் போகும். ஆனால் பற்சக்கரம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் அடித்த பற்சக்கரம் ஒன்று ஒரு மாலை முழுவதும் ஓடி, மறுநாள் தேங்காய்ப்பூ போல உதிர்ந்தது.

என் விருப்பம்: வழுக்கும் சக்கரம், ஆனால் வேறு வேறு பலத்தில். 24 பல் உள்ள அந்த வெள்ளைச் சக்கரத்தின் முகத்தில் 2.5, 5 நியூட்டன் சென்டிமீட்டர் என்று பொறித்திருக்கும். அதற்கு மேல் விசை போனால் நடுப்பகுதி வழுக்கி மோட்டாரைக் காப்பாற்றும். கதவு திறந்து மூடும் மாதிரிக்கு அது போதும். எக்ஸ்எல் மோட்டாருக்கு அது தொடக்கத்திலேயே வழுக்கிவிடும். எடுத்துவிட்டாலோ 8 பல் சக்கரத்தின் பல் போகிறது. 15இல் வழுக்குகிற ஒன்று, 25இல் வழுக்குகிற ஒன்று, வேறு நிறத்தில். யாராவது தருவார்கள் என்றால் மூன்று மாதக் கைச்செலவை எடுத்து வைக்கிறேன்.


பச்சைக்கொடி, நானுஓயா

ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு நான். பேரனுக்கென்று வாங்கிய ரயில் பெட்டி இப்போது எனக்கென்று ஆகிவிட்டது. பேரன் கொழும்பில் இருக்கிறான், கேட்பாரில்லை.

நான் கேட்பது வளைவு. மோட்டாரைப் பற்றிக் கேட்ட இடத்தில் தண்டவாளத்தைப் பற்றிக் கதைக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். மலைப்பாதையில் எஞ்சினுக்கு எமன் வளைவுதான், அப்புறம்தான் ஏற்றம்.

லெகோ தண்டவாளத்தின் உள் அகலம் ஏறத்தாழ 37.5 மி.மீ. நமது அகலப்பாதை ஐந்தடி ஆறங்குலம், 1,676 மி.மீ. வகுத்தால் 1க்கு 45 என்ற அளவு. நமது மலைப்பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1, அதாவது 44 அடி போனால் ஓர் அடி ஏறும். இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். காரணம் ஒன்றும் இல்லை.

தெமோதரையைச் செய்வதுதான் என் எண்ணம். ரயில் நிலையத்தைத் தாண்டிப் போய், மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழே சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வரும். பதுளைக்குப் பாதை 1924இல் போய்ச் சேர்ந்தது. அன்று போட்ட சுற்று இன்றும் அப்படியே ஓடுகிறது. பெட்டியில் வருகிற வளைவின் ஆரம் 40 குமிழ், 320 மி.மீ. பதினாறு துண்டு போட்டால் முழு வட்டம், சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். அதை 44க்கு 1 என்று இறக்கினால் ஒரு சுற்றில் கிடைப்பது 46 மி.மீ. என் பெட்டிகளின் உயரமோ பத்துச் செங்கல், 96 மி.மீ. ரயிலே ரயிலின் தலையில் இடிக்கும்!

உண்மைப் பாதையில் மிக இறுக்கமான வளைவுக்கு ஐந்து சங்கிலி ஆரம், நூறு மீட்டர். 45ஆல் வகுத்தால் இரண்டே கால் மீட்டர் ஆரம். அந்த வட்டத்தில் ஒரு சுற்றுக்கு 32 சென்டிமீட்டர் இறங்கலாம். ரயில் தாராளமாகக் கீழே போகும். ஆனால் அதற்கு நாலரை மீட்டர் அகலமான கூடம் வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே என் வீட்டுக் கூடம் அப்படி இருந்ததில்லை. எனவே நடுவில் ஒன்று: ஒரு மீட்டர் ஆரத்தில், உள்ளே நுழையும் இடத்தில் மெல்ல வளைய ஆரம்பித்து, நடுவில் இறுகி, வெளியேறும் இடத்தில் மறுபடி தளரும் துண்டுகள். நேர்ப்பாதையிலிருந்து சட்டென்று வட்டத்துக்குள் போனால் முதல் போகி, அதாவது பெட்டிக்குக் கீழே உள்ள சக்கரத் தொகுதி, தலையை ஆட்டும். கடைசிப் பெட்டியில் நின்ற எனக்கு அந்த ஆட்டம் காலில் தெரியும்.

மோட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் இழுவைச் சக்கரங்களில் ரப்பர் வளையம் உண்டு. காலையில் பனி இறங்கியிருந்தால் அந்த ரப்பரும் வழுக்குகிறது. பட்டிப்பொலப் பக்கத்தில் பாதையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,898 மீட்டர். அங்கே ஏறும் எஞ்சின் தண்டவாளத்தில் மணல் தூவிப் பிடித்துக்கொள்ளும். பொம்மை எஞ்சினுக்கு மணல் தூவ ஒரு துண்டு செய்து தாருங்கள் என்று கேட்டால் பைத்தியக்காரன் என்பார்கள். கேட்டுவிட்டேன்.


மூன்றாம் நம்பர் மலை, இராகலை

நல்ல ஆசைகள். ஆனால் எல்லாரும் ஏன் பழைய மோட்டாரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்? 2018க்குப் பிறகு வந்த பவர்ட் அப் என்ற லெகோவின் புதிய வரிசை மோட்டார்களில் சில தாம் எவ்வளவு திரும்பினோம் என்று தாமே சொல்லும். கைபேசியிலிருந்து வேகம், திசை, நேரம் எல்லாம் போடலாம். டீச்சர் அதை வாங்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.


ரோதைமகள், தலவாக்கலை

மூன்றாம் நம்பர் மலைக்கு முதலில். பதினொரு பிள்ளைகளில் சொந்தக் கைபேசி உள்ளவர்கள் யாரும் இல்லை. வீட்டில் ஒன்று இருந்தால் அது சனிக்கிழமையும் அம்மாவோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடும். பேட்டரிப் பெட்டியில் ஒரு சுவிட்ச்: முன்னால் தள்ளினால் ஒரு திசை, பின்னால் தள்ளினால் மறு திசை, நடுவில் நிறுத்தம். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் அது புரியும். அப்புறம், மோட்டார் தன் கோணத்தைச் சொன்னால் என் 12 மி.மீ. எப்படி வந்துவிடும்? மோட்டார் கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் கிராங்கு கிராங்குதானே.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பேட்டரிச் செலவு என்னைக் கொல்கிறது. திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரி போட்டேன், ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2. 44 சுற்று 35 ஆகிவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வேலைக்குச் சேர்ந்த ஸ்டோர் முதலில் தோட்டத்துத் தண்ணீரில், டர்பைனில் ஓடியது. வெயில் காலத்தில் ரோலரின் சத்தமே மாறிவிடுமாம்.

தம்பி, செங்கற்களைத் தேடிவிட்டேன். 1×1 நிறைய, கூட்டல்குறித் துளை உள்ள 1×2 சரியாக மூன்று. எனக்குத் தேவையும் மூன்று. சனிக்கிழமை பார்க்கலாம்.

பச்சைக்கொடி ஐயா, மணல் தூவும் துண்டுக்கு என் ஓட்டு.


பழைய டப்பா, பண்டாரவளை

மகள், நீங்கள் கேட்கிற துண்டின் பாட்டன் என் அலுமாரியில் இருக்கிறது.

என் தகப்பனார் ஒரு தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல் பார்ப்பவராக, இருந்தவர். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்த பிறகு துரை ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது பிள்ளைகளின் மெக்கானோ என்ற இரும்புத் துண்டு விளையாட்டுப் பெட்டியைச் சுமக்க விருப்பமில்லாமல் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். பச்சைத் தகடு, சிவப்புத் தகடு, பித்தளைப் பற்சக்கரம், ஒரு சின்னத் திருப்புளி. எனக்கு அப்போது பத்து வயது. அந்த வாசனை, எண்ணெயும் பித்தளையும் கலந்தது, இப்போதும் மூடியைத் திறந்தால் வருகிறது.

ஃபிராங்க் ஹோர்ன்பி என்ற லிவர்பூல்காரர் 1901இல் காப்புரிமை எடுத்தது அது. மெக்கானோ என்ற பெயர் 1907இல் வந்தது. துளைக்குத் துளை அரை அங்குலம். உங்கள் 8 மி.மீ. சிக்கல் அங்கே அரை அங்குலச் சிக்கலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் அதற்கு வழி செய்து வைத்திருந்தார்கள். நீள்துளை போட்ட தகடு உண்டு. கூடவே எக்ஸென்ட்ரிக் என்று ஒரு துண்டு: அதில் தண்டைச் செருக மூன்று இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சு, கால் அங்குலம், மூன்றே கால்வாசி என்று கணக்குத் தவறாகச் சொல்லிவிடப் போகிறேன், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்: கால், எட்டில் மூன்று, அரை அங்குலம். எந்த வீச்சு வேண்டுமோ அந்தத் துளையில் தண்டைப் போட்டு மரையாணியை இறுக்க வேண்டியதுதான்.

அந்த மரையாணியில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் துண்டுகள் செருகிப் பிடிப்பவை. ஒன்று பிடிக்கும், அல்லது பிடிக்காது. நடுவில் எங்காவது நிறுத்த வேண்டும் என்றால் இறுக்குவதற்கு ஏதாவது வேண்டும். நீள்துளை மட்டும் கொடுத்தால் பின் அதில் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு துண்டு கேட்காதீர்கள், இரண்டு துண்டாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீள்துளையின் உள்விளிம்பில் சின்னச் சின்னப் பல் வெட்டச் சொல்லுங்கள். பின் ஒவ்வொரு பல்லிலும் நின்றுகொள்ளும்.

எனக்கு வேண்டிய துண்டு எதுவும் இல்லை. தொலைந்துபோன இரண்டு மரை மட்டும் வேண்டும். 1981இல் சிமெந்துத் தரைக்குக் கீழே போனவை.


ரோதைமகள், தலவாக்கலை

சனிக்கிழமை முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

தம்பி சொன்னபடி மூன்று கிராங்க் கட்டினோம். அளவுகோல் வைத்துப் பார்த்தாள் ஒருத்தி, 12தான். அப்பா ஓட்டிய ரோலரில் விசை ஒரு கிராங்குக்கு மட்டும், மற்ற இரண்டும் கூடவே இழுபட்டு வரும். நாங்களும் அப்படியே செய்தோம். மூன்று கால்களும் சம முக்கோணமாக நிற்க வேண்டுமா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. வேண்டியதில்லை, மேலே உள்ள சட்டத்திலும் கீழே உள்ள அடித்தளத்திலும் ஒரே முக்கோணம் இருந்தால் போதும். இரண்டு கால் மட்டும் இருந்தால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். மூன்றாவதைக் கழற்றி ஓட்டச் சொன்னேன். இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் வந்த இடத்தில் இழுபட்டு வந்த கிராங்க் ஒரு கணம் தயங்கி, பின்னோக்கிப் போக ஆரம்பித்தது; சட்டம் கோணி எல்லாம் இறுகி நின்றுவிட்டது. மூன்றாவது கால் எதற்கு என்று இப்போது அந்த வகுப்பில் நான் சொல்ல வேண்டியதில்லை.

கொழுந்து வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து வந்தது, எப்படி என்று கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலையே பழைய நுளம்பு வலையில் பரப்பி வைத்திருந்தேன். இரண்டு கைப்பிடி போட்டு, மேலே அமுக்குவதற்கு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். மேசையில் பித்தளைக் கட்டைக்குப் பதிலாக ஐஸ்கிரீம் குச்சிகள், பிறை வடிவில் ஒட்டியது.

ஓடியது. சத்தம்தான் முதலில் என்னைப் பிடித்தது. பிளாஸ்டிக் சத்தம்தான், ஆனால் தாளம் அதுவே. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இலை ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தது. விளிம்பில் சாறு கசிந்து ஐஸ்கிரீம் குச்சிகள் பச்சையாயின. பதினைந்து நிமிடத்தில் அறை முழுக்க அந்த வாசனை. கதவருகில் நின்ற பியோன் அண்ணன் உள்ளே வந்து நின்றுகொண்டார்.

இருபதாவது நிமிடத்தில் தகடு கழன்றது. தம்பி எழுதிய அதே பக்கவாட்டில், அதே மாதிரி. விசை ஏற்ற கிராங்கில் வெளிப்பக்கத் தகடு மெல்ல விலகுவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கை வைப்பதற்குள் 1×1 செங்கல் தெறித்து மேசைக்குக் கீழே போய்விட்டது. இன்னும் கிடைக்கவில்லை. பழைய டப்பா ஐயாவின் மரைகளோடு சேர்ந்திருக்கும்.

ஆகவே தம்பி, ஒன்று அடித்து அனுப்புங்கள், விசை ஏறும் கிராங்குக்கு மட்டும். நீள்துளை வேண்டாம், ஐயா சொன்னது சரி, அது வழுக்கும். ஒரே துண்டில் ஒரு கூட்டல்குறித் துளை, அதிலிருந்து 10, 12, 14இல் மூன்று வட்டத் துளை. மூன்றையும் ஒரே கோட்டில் போட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும், துளையே 4.8 அல்லவா, விசிறி போல வேறு வேறு திசையில் போடுங்கள். தடிப்பு 8. எந்த நிறமானாலும் சரி. கண்டியிலிருந்து வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிட்டால் ஹட்டன் பஸ் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

முறுகிய கொழுந்தைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை எடுத்து விரல் நடுவில் உருட்டினார், முகர்ந்தார், மறுபடி உருட்டினார். நான் மோட்டாரைப் பற்றியும் பன்னிரண்டு மில்லிமீட்டரைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"கொழுந்து வாடவே இல்லை" என்றார். "மெஷினைக் குறை சொல்லாதே."